மழைநாளில் அறைத்தோழிகளோடு சேர்ந்து சமைப்பது: எதைச் செய்வது, எப்படித் தொடங்குவது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றில் நான்கு பெண்கள் வாடகையைப் பகிர்ந்துகொண்டு இருக்கிறீர்கள். நீங்கள் நாகப்பட்டினம், மற்ற மூவரும் ஈரோடு, திருநெல்வேலி, நெல்லூர். குடிவந்து ஆறு மாதமாகியும் "சாவி யாரிடம்?", "தண்ணீர்க் கேன் வந்துவிட்டதா?" என்பதைத் தாண்டிப் பேச்சு இல்லை. அவரவர் கைப்பேசியில் சாப்பாடு வரவழைத்து அவரவர் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள். பருவமழை பிடித்துக்கொண்டது, வெளியே போக முடியாத ஒரு நாள் எப்படியும் வரும், அன்று சேர்ந்து சமைத்தால் பழக்கம் வருமா, என்ன சமைப்பது, எப்படிக் கேட்பது, தனக்குச் சமையல் சுமாராகத்தான் வரும், பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பழக்கம் வரும். இதை நான் நம்பிக்கையோடு சொல்வேன். திருமணத்துக்கு முன் பல வருடங்கள் சென்னையில் பகிர்வு வீடுகளில் இருந்தவள் நான். இப்போது வேலைக்குப் போகும் பெண்களுக்கான சிறிய விடுதி ஒன்றின் சமையலறைப் பொறுப்பைப் பார்த்துக்கொள்கிறேன். பழகாத பெண்கள் ஒரே வீட்டில் இருந்து பழகியதையும் பழகாமலே பிரிந்ததையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அதிலிருந்து எனக்குப் பட்டது ஒன்றுதான்: எதைச் சமைப்பது என்பதை ருசியை வைத்து முடிவு செய்யாதீர்கள், அதிலுள்ள வேலையை வைத்து முடிவு செய்யுங்கள். உட்கார்ந்து, கையால், மெதுவாக, நான்கு பேரும் ஒரே நேரத்தில் செய்யும்படி வேலை இருக்க வேண்டும். ஒருத்தி தனியாகவே முடித்துவிடக்கூடிய பதார்த்தத்தை ஒருத்திதான் முடிப்பாள். மற்ற மூவரும் "ஏதாவது செய்யட்டுமா?" என்று வாசற்படியில் நின்று கேட்டுவிட்டு அறைக்குப் போய்விடுவார்கள்.

அதனால் நூடுல்ஸ், உப்புமா, தக்காளிச் சாதம் எல்லாம் வேண்டாம். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பிரியாணி. அதுவும் வேண்டாம் என்பேன். பிரியாணி தெரிந்தவள் என்று ஒருத்தி இருப்பாள், அடுப்படி அவள் கைக்குப் போய்விடும், மற்றவர்கள் வெங்காயம் நறுக்கிக் கொடுத்துவிட்டு எடுபிடியாகிவிடுவார்கள். தம் போடும் நேரம் முழுக்கப் பதற்றம். மேலும், கறி சாப்பிடாத ஒருத்தி இருந்தால் ஆரம்பத்திலேயே அவள் வெளியில் நிற்க வேண்டியதாகிவிடும். பிரியாணி, நட்பான பிறகு செய்யவேண்டியது.

நான் சிபாரிசு செய்வது திருநெல்வேலிக் கூட்டாஞ்சோறு. உங்கள் வீட்டில் திருநெல்வேலிப் பெண் இருக்கிறாள் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அரிசியும் பருப்பும் சேர்ந்த சோறு உங்கள் நான்கு ஊர்க்காரர்களுக்கும் ஏதோ ஒரு வகையில் தெரிந்ததுதான். ஈரோட்டுக்காரிக்கு அரிசிம்பருப்பு சாதம் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் கதம்ப சாதம் உண்டு. நெல்லூர்ப் பெண் சோற்றில் முத்தபப்பு என்கிற கெட்டிப் பருப்பைப் பிசைந்து நெய் விட்டு, ஆவக்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு வளர்ந்திருப்பாள். "எங்கள் வீட்டில் இதற்குப் பூண்டைத் தட்டிப் போடுவார்கள்", "நாங்கள் புளி விடுவதில்லை" என்று ஆளுக்கொரு வார்த்தை தானாக வரும். தெரியாத பதார்த்தம் என்றால் தெரிந்தவளிடம் எல்லோரும் பாடம் கேட்பதாக முடிந்துவிடும். பாதி தெரிந்த பதார்த்தத்தில்தான் எல்லோருக்கும் பேச இடம் இருக்கும். தெற்கே பிள்ளைகள் வீட்டுக்கு வீடு அரிசி, பருப்பு, காய் என்று வாங்கிவந்து ஒன்றாகப் பொங்கிச் சாப்பிடும் பழக்கமே உண்டு. அந்தச் சோற்றின் இயல்பே அப்படி.

நான்கு பேருக்குக் கொஞ்சம் மிஞ்சும்படி அளவு சொல்கிறேன். அரிசி இரண்டு கப், துவரம்பருப்பு முக்கால் கப். காய்கறி கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், அவரைக்காய், கேரட் என்று எது கிடைக்கிறதோ அது. எல்லாம் சேர்த்து மூன்று நான்கு கப் வரை போகலாம். மாங்காய்த் துண்டு கிடைத்தால் பாக்கியம். ஒரு கட்டு முருங்கைக்கீரை. உரிக்க ஒரு கிண்ணம் சின்ன வெங்காயம். அரைக்க அரை மூடித் தேங்காய், ஒரு தேக்கரண்டி சீரகம், ஐந்தாறு காய்ந்த மிளகாய், நாலு பல் பூண்டு, மஞ்சள் தூள், அந்தக் கிண்ணத்திலிருந்தே ஐந்தாறு வெங்காயம். சிறிய எலுமிச்சை அளவு புளி. தாளிக்கத் தேங்காய் எண்ணெய், கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, இருந்தால் வெங்காய வடகம்.

இதைக் குக்கரில் வைக்காதீர்கள். குக்கரில் வைத்தால் நாலு விசிலில் சமையல் முடிந்துவிடும், கூட்டமும் கலைந்துவிடும். ஐந்து லிட்டர் பிடிக்கிற அடி கனத்த பாத்திரம் ஒன்றில் எட்டு கப் தண்ணீர் கொதிக்கவிட்டுப் பருப்பை முதலில் போடுங்கள். அது பாதி வெந்ததும் அரிசி. அரிசி முக்கால் பதம் வரும்போது காய்கள், அவற்றில் சீக்கிரம் குழையும் கத்தரிக்காய் கடைசியாக. பக்கத்து அடுப்பில் வெந்நீர் இருக்கட்டும், இழுக்க இழுக்க ஊற்றிக்கொள்ளலாம். புளிக்கரைசலும் மாங்காயும் காய் வெந்த பிறகுதான் போகவேண்டும். புளிப்பு முன்னாலேயே சேர்ந்துவிட்டால் பருப்பும் காயும் எவ்வளவு நேரம் எரித்தாலும் நறுக்கென்றே நிற்கும். பிறகு அரைத்த விழுது, உப்பு; கடைசி ஐந்து நிமிடத்துக்குக் கீரை; இறக்கித் தாளிப்பு. மொத்தம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வப்போது அடிவரை கரண்டி விட்டுக் கிளற ஓர் ஆள் வேண்டும். ஆள் மாறி மாறி நில்லுங்கள்.

இதில் மிக முக்கியமான வேலை அடுப்பில் இல்லை. கீரை உருவுவதும் வெங்காயம் உரிப்பதும்தான். சின்ன வெங்காயத்தைப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டுவிட்டால் தோல் சுலபமாக வரும். ஆனாலும் ஒரு கிண்ணம் உரிக்க நேரம் பிடிக்கத்தான் செய்யும். அவசரப்பட முடியாத இந்த வேலைகளின் நடுவில்தான் பேச்சு வருகிறது. எதிரெதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டு "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் வாயடைத்துப் போகிற பெண்கள், கண் கீரையில் இருக்கும்போது பேசிவிடுகிறார்கள். நடுவில் பேச்சு நின்றாலும் சங்கடமில்லை, கைக்குத்தான் வேலை இருக்கிறதே.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது நான் ஆதம்பாக்கத்தில் இருந்தேன். ஒரே வீட்டில் ஐந்து பெண்கள். மின்சாரம் இல்லை, கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை. பணமதிப்பு நீக்கம் அறிவித்து ஒரு மாதம் ஆன நேரம், கையில் சில்லறையும் இல்லை. வீட்டுக்காரர்களின் முருங்கை மரம் காற்றில் முறிந்து காம்பவுண்டுக்குள்ளேயே விழுந்துவிட்டது. வீணாகப் போகவேண்டாம் என்று வீட்டுக்கார அம்மா கிளை கிளையாக எல்லா வீட்டுக்கும் கொடுத்தார். நாங்கள் கூடத்தில் செய்தித்தாளை விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்தோம். நாங்கள் நால்வரும் ஒவ்வோர் இலையாகக் கிள்ளிக்கொண்டிருக்க, விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்திருந்த பெண் ஒருத்தி ஈர்க்கின் நுனியை இடது கையில் பிடித்து, வலது கை இரு விரல்களால் அடிவரை ஓர் இழுப்பு இழுத்தாள். இலை அத்தனையும் உள்ளங்கையில். ஈர்க்கு வெறும் குச்சியாக மறுபக்கம் விழுந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. நாங்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் எங்களோடு அதிகம் பேசியதே இல்லை. "எப்படி இவ்வளவு வேகம்?" என்று யாரோ கேட்க, நிமிர்ந்து பார்க்காமலேயே, "அம்மா சந்தையில் கீரை விற்கிறார்கள்" என்றாள். பிறகு அதிகாலையில் கட்டு கட்டுவது, எந்தக் கீரை எத்தனை மணிக்கு வாடும், வாங்குகிறவர்கள் எப்படிப் பேரம் பேசுவார்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள். ஒரு வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தும் எங்களில் ஒருவருக்கும் அதுவரை அது தெரியாது. அன்று எங்கள் எல்லோருக்கும் உருவக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் பேராசிரியராக இருக்கும் ஜெஃப்ரி ஹால் 2018ல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. அறிமுகமானவர் சாதாரண நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரமும், அவரே நண்பராவதற்கு 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் ஒன்றாகக் கழிக்க வேண்டியிருக்கிறது என்று அதில் கணக்கிட்டார். ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் நேரம் அந்த அளவுக்கு நெருக்கத்தைத் தருவதில்லை, வேலை இல்லாமல் சேர்ந்திருக்கும் நேரமே தருகிறது என்பதும் அதில் தெரியவந்தது. ஆறு மாதம் ஒரே வீட்டில் இருந்தும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று நீங்கள் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். ஒரே கூரைக்குக் கீழே தூங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். சேர்ந்து கழித்த மணிகளைக் கூட்டிப் பார்த்தால் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு மழைநாள் காலை பத்து மணியிலிருந்து மாலை வரை கிடைத்தால் அது பெரிய வரவு.

இனி எப்படித் தொடங்குவது என்பது. வாட்ஸ்அப் குழுவில் "நாளை எல்லோரும் சேர்ந்து சமைப்போமா?" என்று போடாதீர்கள். மூன்று கட்டைவிரல் வரும், மறுநாள் ஒருத்தியும் எழுந்து வரமாட்டாள். வானிலை ஆய்வு மையம் ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்த அன்று மாலையே, காய்கறிக் கடையில் கூட்டம் சேர்வதற்குள், நீங்கள் போய் வாங்கிவாருங்கள். வாங்கப் போகும்போது ஒருத்தியை மட்டும் துணைக்குக் கூப்பிடுங்கள். அது திருநெல்வேலிப் பெண்ணாக இருக்கட்டும். "கூட்டாஞ்சோறு செய்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன், என்ன காய் வாங்கவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, வருகிறீர்களா?" என்று கேளுங்கள். தன் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி ஒருவர் இப்படிக் கேட்டால் மறுக்க மனம் வராது. கடையில் அவள் கொத்தவரங்காயைக் கையில் எடுத்து ஒடித்துப் பார்க்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும்.

மறுநாள் காலை யாரையும் தட்டி எழுப்பவேண்டாம். கூடத்தின் நடுவில் செய்தித்தாளை விரித்து, வெங்காயக் கிண்ணத்தோடு நீங்கள் உட்கார்ந்துவிடுங்கள். சென்னை அடுக்குமாடி வீடுகளில் சமையலறை என்பது இரண்டு பேர் நின்றால் முழங்கை இடிக்கிற அளவுதான். மூன்றாமவள் வந்தால் யாராவது வெளியேற வேண்டும். ஆகவே நறுக்குவது, உரிப்பது, துருவுவது எல்லாவற்றையும் கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். அடுப்பு வேலை மட்டும் உள்ளே. கூடத்தின் வழியாகத்தான் எல்லோரும் குளியலறைக்கும் காபிக்கும் போகவேண்டும். போகிறவளிடம் சின்னதாக, குறிப்பாக ஓர் உதவி கேளுங்கள். "இந்த வாழைக்காயைச் சீவித் தருகிறீர்களா?" போதும். "வந்து உட்காருங்கள், பேசலாம்" என்றால் பயந்துவிடுவாள். வாழைக்காய் சீவ உட்கார்ந்தவள் பிசுக்குக் கையோடு உடனே எழுந்து போகமாட்டாள்.

சமையல் சுமாராகத்தான் வரும் என்கிறீர்கள். இந்தக் காரியத்துக்கு அது நல்லதுதான். நான் பார்த்தவரை சேர்ந்து சமைக்கும் நாளைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்கள். கெட்ட எண்ணமே இருக்காது. "இப்படி நறுக்கினால் வேகாது, கொடுங்கள்" என்று கத்தியை வாங்குவார்கள். அடுத்தவள் தாளிக்கும்போது "கடுகு இன்னும் வெடிக்கவில்லை" என்பார்கள். இரண்டு தடவை இப்படிக் கேட்டவள் மூன்றாம் தடவை அறைக்குள் இருப்பாள். உங்கள் நால்வரில் அப்படி ஒருத்தி இருந்தால் அவளுக்குத் தேங்காய் துருவும் வேலையைக் கொடுங்கள். மதிப்பான வேலை, நேரமும் பிடிக்கும், அடுப்பிலிருந்தும் தள்ளி இருப்பாள். உப்பு பார்ப்பதை மட்டும் எல்லோரும் செய்யுங்கள். ஆளுக்கு ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்", "போதும் போதும்" என்று நாலு பேரும் தீர்ப்புச் சொல்லும் அந்த நிமிடத்தில் அந்தச் சோறு நால்வருடையதாகிவிடும்.

காய் பெரிதும் சிறிதுமாக இருக்கட்டும். கூட்டாஞ்சோற்றில் எப்படியும் குழைந்துதான் போகும்.

சாப்பாட்டைப் பற்றிய பேச்சில் ஒரு கண்ணி இருக்கிறது, அதை வெளிப்படையாகவே சொல்கிறேன். "உங்கள் வீட்டில் சைவமா, அசைவமா?" என்ற கேள்வி நம் ஊரில் பல நேரம் சாதியைத் தெரிந்துகொள்ளும் கேள்வி. கேட்பவருக்கு அந்த நோக்கம் இல்லாவிட்டாலும் கேட்கப்படுகிறவர் அப்படிப் பல தடவை கேட்கப்பட்டிருப்பார். உடனே உள்ளுக்குள் சுருங்கிவிடுவார். ஆகவே வீட்டைப் பற்றிக் கேட்காதீர்கள், அவளைப் பற்றிக் கேளுங்கள்: "உங்களுக்கு ஆகாதது, பிடிக்காதது ஏதாவது இருக்கிறதா?" இதற்குள் வேர்க்கடலை ஒவ்வாமையும் வரும், கத்தரிக்காய் அரிப்பும் வரும், கறி வேண்டாம் என்பதும் வரும். மார்கழியில் மேல்மருவத்தூருக்கு மாலை போட்டிருப்பவளும் தானாகச் சொல்லிவிடுவாள். அசைவம் வைத்த பாத்திரத்தில் சாப்பிடமாட்டேன் என்று ஒருத்தி சொன்னால் அன்றைக்கு அதை விவாதிக்க வேண்டாம், தனிப் பாத்திரம் எடுத்துவிடுங்கள். ஆனால் "அவள் தொட்ட பாத்திரம் வேண்டாம்" என்று யாராவது சொன்னால் அதற்கு இடம் கொடுக்கவே கூடாது. அது உணவு விருப்பம் அல்ல. மாதவிடாய் நாளில் அடுப்படிக்கு வராமலே பழகிய பெண் இருந்தால், வா என்று இழுக்கவும் வேண்டாம், ஏன் என்று குடையவும் வேண்டாம். வேலையெல்லாம் கூடத்தில் நடப்பதால் அவள் விரும்பினால் வந்து உட்கார்ந்துகொள்ளலாம்.

மின்சாரத்தை நம்பாதீர்கள். காற்று பலமாக அடிக்க ஆரம்பித்தாலே பாதுகாப்புக்காக நிறுத்திவிடுவார்கள். ஆகவே தேங்காய் துருவி முடிந்ததும் முதல் வேலையாக, சாப்பாட்டு நேரம் வரட்டும் என்று காத்திராமல், தேங்காய் விழுதை மிக்சியில் அரைத்து வைத்துவிடுங்கள். மோட்டார் ஓடாவிட்டால் குழாயில் தண்ணீர் வராது; பாத்திரம் கழுவ இரண்டு வாளி பிடித்து வையுங்கள். உங்கள் வீட்டில் மின் அடுப்பு மட்டும்தான் இருக்கிறது என்றால் ஐந்து கிலோ எரிவாயு உருளை ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கரி அடுப்பைச் சாத்திய அறைக்குள் மூட்டும் எண்ணம் யாருக்கும் வரக்கூடாது, அதன் புகையில் உயிர் போய்விடும். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் வைத்தால் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சி தாங்கும். பாலும் தயிரும் இருந்தால் முதலில் அவற்றைக் காலி செய்யுங்கள்.

சோறு இறக்கியதும் ஆளுக்கொரு தட்டில் போட்டுக்கொண்டு அறைக்குப் போய்விடும் ஆபத்து இருக்கிறது. பாத்திரத்தைக் கூடத்துக்குக் கொண்டுவந்து நடுவில் வையுங்கள். அப்பளம் ஒரே தட்டில், ஊறுகாய் ஒரே கிண்ணத்தில் இருக்கட்டும். கெய்ட்லின் வூலி, அயலெட் ஃபிஷ்பாக் என்ற, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் 2019ல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களை இருவர் இருவராகச் சேர்த்துச் சிற்றுண்டி கொடுத்தார்கள். சிலருக்கு ஒரே கிண்ணம், சிலருக்குத் தனித்தனிக் கிண்ணம். பிறகு ஒரு சம்பளப் பேச்சுவார்த்தையை நடித்துக் காட்டச் சொன்னபோது, ஒரே கிண்ணத்தில் கை வைத்துச் சாப்பிட்டவர்கள் சீக்கிரம் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அடுத்தவர் எவ்வளவு எடுக்கிறார், நமக்கு எவ்வளவு என்று பார்த்துப் பார்த்து எடுக்கவேண்டியிருப்பதே அதற்குக் காரணம் என்பது அவர்கள் விளக்கம். நெல்லூர்ப் பெண்ணிடம் ஆவக்காய் ஜாடி நிச்சயம் இருக்கும். அதை அவளே எடுத்துவந்து நடுவில் வைக்கட்டும், நீங்கள் கேட்டு வாங்காதீர்கள். கூட்டாஞ்சோற்றோடு ஆவக்காய் நன்றாகச் சேரும்; திருநெல்வேலிக்காரி முதலில் முகம் சுளித்துப் பிறகு இரண்டாவது துண்டு எடுப்பாள்.

சாப்பிட்ட கையோடு எல்லோரும் தூங்கப் போகட்டும். மழைநாளின் மதியத் தூக்கத்தை யாரும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு முன் பாத்திரம். பகிர்வு வீடுகள் உடைவது சண்டையால் அல்ல, தொட்டியில் கிடக்கும் பாத்திரத்தால். சமைத்தவர் கழுவவேண்டாம், சாப்பிட்டவர் கழுவட்டும் என்ற விதி இங்கே பொருந்தாது, எல்லோரும்தானே சமைத்தீர்கள். ஒருத்தி தேய்க்க, ஒருத்தி அலச, ஒருத்தி துடைக்க, ஒருத்தி கூடத்தைப் பெருக்க என்று நின்றால் கால் மணி நேரத்தில் முடியும். செலவை அன்றே நாலாகப் பிரித்துவிடுங்கள். இருந்த எண்ணெய்க்கும் உப்புக்கும் கணக்குப் பார்க்காதீர்கள்.

மாலைக்கு எல்லோரும் பஜ்ஜி கேட்பார்கள். செய்யலாம், ஒரு நிபந்தனையோடு. எண்ணெய்ச் சட்டிக்கு முன் ஒருத்தி நின்று போட்டுக்கொண்டே இருக்க, மற்றவர்கள் சூடாகத் தின்றுகொண்டே இருப்பது அந்த ஒருத்தியை வேலைக்காரி ஆக்கிவிடும். ஈட்டுக்கு ஈடு ஆளை மாற்றுங்கள். எனக்குக் கேட்டால் பஜ்ஜியைவிடப் பிடிகொழுக்கட்டை. ஒரு கப் வறுத்த அரிசி மாவுக்கு முக்கால் கப் வெல்லம், ஒரு கப் தண்ணீர். வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்டு, தேங்காய்ப் பல்லும் ஏலக்காயும் போட்டு, மாவைக் கொட்டிக் கிளறி மூடிவிடுங்கள். கை பொறுக்கும் சூடு வந்ததும் நால்வரும் சுற்றி உட்கார்ந்து பிடியுங்கள். உள்ளங்கையில் ஓர் உருண்டையை வைத்து விரல்களை மடக்கினால் போதும். ஒருத்தியுடையது நீளமாக, ஒருத்தியுடையது குட்டையாக, ஒருத்தியுடையதில் நகம் பதிந்து வரும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வேகவைத்துத் தட்டைத் திறந்தால் யாருடையது எது என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

ஒருத்தி கடைசிவரை அறையைவிட்டு வராமலே இருக்கலாம். ஊரில் ஏதோ பிரச்சினை, தலைவலி, பேச இஷ்டமில்லை, எதுவாகவும் இருக்கலாம். ஒரு முறை கூப்பிடுங்கள், இரண்டாம் முறை வேண்டாம். அவள் பங்கைச் சூடு தாங்கும் டப்பாவில் மூடிவைத்து, மேடைமேல் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அவளிடம் செலவுப் பங்கும் கேட்காதீர்கள். மூன்று பேர் கலகலப்பாக இருக்கும் சத்தம் சாத்திய கதவுக்குள் இருப்பவளுக்குக் கஷ்டமாகவும் இருக்கும், அதனால் அவளைப் பற்றிய பேச்சு கூடத்தில் வரவேண்டாம். அடுத்த மழைக்கு அவளுடைய ஊர்ச் சமையலை எடுத்துக்கொண்டு, காய் வாங்கத் துணைக்கு அவளைக் கூப்பிடுங்கள். ஈரோட்டுப் பெண்ணென்றால் அரிசிம்பருப்பு, நெல்லூர்ப் பெண்ணென்றால் முத்தபப்பு. டிசம்பர் முடியும்வரை மழைக்குக் குறைவிருக்காது.

மிச்சம் இருந்தால் ராத்திரிவரை வெளியில் வைக்காதீர்கள், தேங்காய் அரைத்துவிட்ட சோறு சீக்கிரம் கெட்டுப்போகும். நான் சொன்ன அளவில் எப்படியும் ஒருவருக்கு மிஞ்சும். கீழே காவலாளி மழையில் கடைக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருப்பார். நீங்கள் சாப்பிட உட்காருவதற்கு முன்பே, சூடாக இருக்கும்போதே, ஒரு தூக்குவாளியில் போட்டு இரண்டு பேராகப் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.